செம்மார்பு வாத்தை நான் பார்க்கவில்லை

நவம்பர் 12, புதன்

இந்த நாட்குறிப்பை ஜனவரியிலேயே கம்பெனியில் கொடுத்தார்கள். இதுவரை அம்மா அதன் மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் வட்டம் வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது. இன்று அதைத் துடைத்து எடுத்ததற்குக் காரணம், என் வாழ்க்கையில் ஒரு முக்கியமான வார இறுதி வருகிறது. பதட்டம் ஒன்றும் இல்லை.

எனக்கு முப்பத்தாறு வயது. பெயர் கோமதிநாயகம். திருநெல்வேலியில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. விபத்து நடந்தது என்று சொல்லிப் பணம் கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா பொய்யா என்று விசாரித்து எழுதுவேன். பொய்யை நான் மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று மேலாளர் சொல்வார். பெண் வீட்டார் யாரும் இந்தத் திறமையை இதுவரை மெச்சியதில்லை.

தரகர் சுடலைமுத்து அண்ணாச்சி என் விவரங்களைத் திருமண இணையதளத்தில் ஏற்றியபோது, பொழுதுபோக்கு என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றார். விட்டால் பையன் குடிக்கிறான் என்று நினைப்பார்களாம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் 'பறவை நோக்குதல்' என்று அடித்துவிட்டார். அதற்குச் சத்தம் கிடையாது, செலவு கிடையாது, யாரும் நிரூபிக்கச் சொல்ல மாட்டார்கள் என்றார்.

இப்போது நிரூபிக்கச் சொல்லிவிட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வரன். பெண் பெயர் ஆவுடை. கால்நடை மருத்துவர். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்கிற பெண் பார்க்கும் வழக்கம் அவளுக்குப் பிடிக்காதாம். அவளும் அவள் அப்பாவும் நீர்ப்பறவை நேசர் வட்டம் என்ற ஒன்றில் உறுப்பினர்கள். அந்த வட்டம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலன்குறிச்சிக் குளத்தில் தங்கிப் பறவை பார்க்கிறது. பையனுக்கும் அதே ஆசை என்பதால் அங்கேயே வரட்டும், ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று அவள் அப்பா போனில் சொன்னார்.

போனை எடுத்தது அம்மா. "ரொம்ப சந்தோஷம். அவனுக்குச் சின்னதுலேருந்தே காக்கான்னா உயிரு" என்று சொல்லிவிட்டாள்.

நவம்பர் 13, வியாழன்

அத்தானிடம் பைனாகுலர் இரவல் வாங்கினேன். அக்கா காரணம் கேட்டாள். விசாரணைக்கு என்றேன்.

நூலகத்திலிருந்து பறவைப் புத்தகம் எடுத்து வந்து படம் படமாகப் பார்த்தேன். எல்லாம் பழுப்பாக இருக்கின்றன. வாத்துகள் வரை வந்ததும் தூங்கிவிட்டேன். கடைசியாகப் பார்த்த வாத்து அழகாக இருந்தது. குங்குமத்தில் குளித்த மாதிரி நெஞ்சு. செம்மார்பு வாத்து.

நவம்பர் 14, வெள்ளி

மழையில் நனைந்துகொண்டு வேலன்குறிச்சி வந்து சேர்ந்தேன். ஊரில் விடுதி இல்லை என்பதால் வட்டத்தார் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். ஆண்களுக்கு மணமகன் அறை, பெண்களுக்கு மணமகள் அறை. போன முகூர்த்தத்தில் ஒட்டிய தெர்மாகோல் எழுத்துகளை மேடையில் இன்னும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் பெயர் உதிர்ந்துவிட்டது, பெண்ணின் பெயர் அப்படியே இருக்கிறது. நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை.

வட்டத்தின் தலைவர் பேராசிரியர் ஞானதுரை. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மண்டபத்துக்குள்ளும் தொப்பி போட்டிருந்தார். அவர் பேசும்போது மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள், அவர் பேசாதபோதும் ஆட்டுகிறார்கள். பெண்ணின் அப்பா ஆறுமுகப்பெருமாள் மின்வாரியத்தில் இருந்தவர். பேராசிரியரின் தொலைநோக்கியைச் சுமப்பது இவருடைய பொறுப்பு. அதை வேறு யாரையும் தொட விடுவதில்லை. ஜவுளிக்கடை முத்தையா என்று ஒருவர், தும்பிக்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமராவோடு வந்திருக்கிறார்.

ஆவுடையை நான் சரியாகக் கவனிக்கவில்லை. இடது காதில் கம்மல் இல்லை, துளை மூடாமல் இருக்க வேப்பங்குச்சி சொருகியிருந்தாள். வியாழக்கிழமை ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்ததில் கம்மல் தொழுவத்தில் விழுந்துவிட்டதாம். சிரிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். மற்றபடி ஒன்றும் கவனிக்கவில்லை.

எத்தனை வருஷமாகப் பறவை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ரொம்ப நாளாக என்றேன். எங்கே போய்ப் பார்ப்பீர்கள் என்றாள்.

"பொதுவா... வெளியில" என்றேன்.

பதில் கச்சிதமாக இருந்ததாகவே நினைக்கிறேன்.

நவம்பர் 15, சனி

விடியும் முன்னே குளத்தங்கரைக்குப் போய்விட்டோம். ஐப்பசி மழையில் குளம் நிறைந்து கிடந்தது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் நாரைகள் துணி காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தன. எதிர்க்கரையில் ஒரு நரி வந்து தண்ணீர் குடித்தது, எங்களைப் பார்த்தது, பிடிக்காத மாதிரி திரும்பிப் போனது. நடுக்குளத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. தீவு என்று நினைத்தேன். வாத்துகள். ஊசிவால் வாத்துகளாம். முந்தின நாள்தான் வடக்கேயிருந்து வந்து இறங்கியிருக்கின்றன. எல்லாம் முதுகில் தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன, நாலு நாள் தொந்தரவு இல்லாமல் தூங்கினால்தான் உடம்பில் சதை பிடிக்கும் என்று ஆவுடை சொன்னாள். பிள்ளை தூங்கும் அறைக்கு வெளியே நின்று பேசுவது போல மெதுவாகச் சொன்னாள்.

மற்றவர்கள் மெதுவாகப் பேசவில்லை. பறவை பார்ப்பது அமைதியான காரியம் என்று சுடலைமுத்து அண்ணாச்சி சொன்னதை நம்பாதீர்கள். அது ஏலம். ஒருவர் கூழைக்கடா என்பார், அடுத்தவர் முக்குளிப்பான் என்பார், பேராசிரியர் சரி என்றால் குறித்துக்கொள்வார்கள். பொழுது ஏறியது. என் வாயிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. பைனாகுலரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மங்கலாக ஒரு பச்சை, மங்கலாக ஒரு பழுப்பு.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க ஒண்ணுமே சொல்லலையே. அந்தக் கோரைப் பக்கம் என்ன தெரியுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆவுடையும் பார்த்தாள். என் தலைக்குள் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது வெளியே வந்துவிட்டது.

"செம்மார்பு வாத்து."

பொய் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

பேராசிரியர் தொலைநோக்கியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். "அப்படியா சார், வெளிச்சம் சரியில்லை" என்று சொல்வதற்கு நான் வாயைக்கூடத் திறந்து வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஆமா" என்றார். "பெட்டை."

அடுத்து ஆறுமுகப்பெருமாள் குனிந்தார். கழுத்தில் வெள்ளைக்கோடு தெளிவாகத் தெரிகிறது என்றார். அடுத்தவர் அது காலை நீட்டுகிறது என்றார். முத்தையா கேமரா தீபாவளிச் சரம் மாதிரி படபடத்தது. பிறகு அந்தச் சின்னத் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கோரைக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானே அரை நிமிடம் அங்கே ஏதோ இருப்பதாக நம்பினேன்.

ஆவுடை கடைசியாகக் குனிந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள்.

"பழகின கண்ணு வேணும்மா" என்றார் பேராசிரியர்.

சனி, மதியம்

சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டாவது முறை பாயசம் வந்தது. ஆறுமுகப்பெருமாள் காலையில் தம்பி என்றவர், இப்போது மாப்பிள்ளை என்கிறார். கையில்லாத பனியனோடு பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். இந்த வயதில் இப்படி ஒரு வரவேற்பு எனக்கு எந்த வீட்டிலும் கிடைத்ததில்லை. மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறேன்.

சனி, மாலை

கரையில் நடந்தபோது ஆவுடை கூட வந்தாள். நரியின் கால்தடத்தைக் காட்டினாள். அது நாய்த்தடத்தைவிட எப்படி ஒடுக்கமாக இருக்கும் என்று ஈரமண்ணில் குந்தி உட்கார்ந்து சொன்னாள். நான் தடத்தைத்தான் பார்த்தேன். அவள் கையில் மாடு கடித்த பழைய தழும்பு ஒன்று இருக்கிறது.

எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டே, "நீங்க நெசமாவே அதைப் பாத்தியளா?" என்று கேட்டாள்.

"பேராசிரியரே பாத்துட்டாருல்லா."

"நான் அவரைக் கேக்கல."

மழை வரும்போல இருக்கிறது என்றேன். வானம் வெளுத்துக் கிடந்தது. அவள் முன்னால் நடந்து போய்விட்டாள்.

அறைக்கு வந்து புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து, இந்த முறை படத்துக்குக் கீழே இருப்பதையும் படித்தேன். அது பனிப்பிரதேசத்து வாத்து. இந்தப் பக்கம் வருவதே இல்லை என்று எழுதியிருக்கிறது. ஒருவேளை இந்த வருஷம் வரலாம். எழுதியவருக்கு எல்லாம் தெரியுமா என்ன?

பேராசிரியர் செய்தியை எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆட்கள் கிளம்பிவிட்டார்களாம். வேலையில் நான் தினமும் பார்ப்பதுதான். லாரி மோதின இடத்தில் முதலில் ஒரு ஆள்கூட இருக்க மாட்டான். பொழுது சாய்வதற்குள் தெருவே கண்ணால் பார்த்திருக்கும். அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள், அத்தனை பேரும் உண்மையாகவே நம்புவார்கள். அறிக்கையில் நான் ஒரு வரியில் அவர்களைத் தள்ளிவிடுவேன்.

சாப்பிடவில்லை. மதியம் குடித்த பாயசம் செரிக்கவில்லை. அவ்வளவுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

குளத்தங்கரையில் தேரோட்டம் மாதிரி கூட்டம். கார்களும் வேன்களும் கரைமேலேயே ஏறி நின்றன. ஒருவர் பருப்பு வடைச் சட்டியை இறக்கிவிட்டார். பஞ்சாயத்துத் தலைவர் வந்தார், பேராசிரியருக்குச் சால்வை போட்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து முதலில் பார்த்தது யார் என்று கேட்டார். பேராசிரியர் "எங்கள் வட்டம்" என்றார். எனக்கு வருத்தம் இல்லை.

வெயில் ஏறியும் செம்மார்பு வாத்து வரவில்லை. வந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மதுரைக்காரர் ஒருவர் பெட்ரோல் செலவைப் பற்றிப் பேசினார். பேராசிரியர் யோசித்தார். மீன் குத்தகைக்காரரிடம் மோட்டார் வைத்த தோணி இருக்கிறது, அதைக் கோரைக்குள் விட்டால் பறவை கிளம்பி வெளியே வரும், எல்லோரும் பார்க்கலாம் என்றார். ஆளுக்கொரு பக்கம் சரி, சரி என்றார்கள்.

ஆவுடை மட்டும் வேண்டாம் என்றாள். தோணி கோரைக்குப் போக வேண்டுமானால் நடுக்குளம் வழியாகத்தான் போக வேண்டும், ஊசிவால் வாத்துகள் கிளம்பிவிடும், திரும்ப இங்கே இறங்காது, இந்தக் களைப்போடு எங்கே போகும் என்று கேட்டாள். அவள் அப்பா அவள் முழங்கையைப் பிடித்து, பெரியவர்கள் பேசுகிற இடம் என்றார். அவள் கையை விடுவித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஒருமுறை பார்த்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ.

குத்தகைக்காரர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நான் கூட்டத்துக்குள் புகுந்து பேராசிரியர் முன்னால் போய் நின்றேன்.

"சார், அங்க ஒண்ணும் இல்லை. நான் எதையும் பாக்கலை. வாய்க்கு வந்த பேரைச் சொல்லிட்டேன். எனக்குப் பறவையைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டேன்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. பேராசிரியர் காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல என்னைப் பரிவோடு பார்த்தார்.

"தம்பி, நீங்க பாக்கலைன்னா அது உங்க குறை. நாங்க பாத்தோம்."

முத்தையா கேமராவை நீட்டி, படத்தில் இருப்பது என்ன என்று கேட்டார். காய்ந்த கோரை என்றேன். மதுரைக்காரர், இவன் யார், கூட்டத்தைக் கலைக்க யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். ஆறுமுகப்பெருமாள் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கழுத்தில் வெள்ளைக்கோட்டைப் பார்த்தவன் நான், என்னைப் பொய்யன் என்கிறீர்களா என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் உண்மையிலேயே பார்த்திருக்கிறார்.

தோணி கிளம்பியது.

மோட்டார் சத்தம் பாதிக் குளத்தைத் தாண்டவில்லை, அந்தக் கறுப்புத் திட்டு அசைந்தது. முதலில் தலைகள் நிமிர்ந்தன. பிறகு ஓரத்திலிருந்து கிளம்பி, பாயைச் சுருட்டி எடுக்கிற மாதிரி மொத்தமும் தண்ணீரைவிட்டு எழுந்தது. இறக்கைச் சத்தம் கரையில் நின்ற எங்கள் முகத்தில் காற்றாக வந்து அடித்தது. கூட்டம் குளத்தை ஒருமுறை சுற்றியது. இறங்க நினைத்துத் தாழ்ந்தது, தோணியைப் பார்த்து மறுபடி மேலே ஏறியது. அப்படியே தெற்கே போய்விட்டது. அவ்வளவு அழகான எதையும் நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்திருக்கவே கூடாது.

கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ அந்தக் கூட்டத்தின் நடுவே செம்மார்பு போகிறது என்று கை காட்டினார். ஆமாம், ஆமாம் என்று எல்லோரும் பார்த்தார்கள். மதுரைக்காரர் வந்தது வீண்போகவில்லை என்றார்.

ஆவுடை கரையிலிருந்து இறங்கி மண்டபத்துக்கு நடந்தாள். நான் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. அலுவலகத்தில் பாதிப் பேர் மாலை போட்டு, செருப்பில்லாமல் வந்திருந்தார்கள்.

பத்திரிகையில் நாலு பத்திச் செய்தி. பேராசிரியர் தொப்பியோடு நிற்கும் படம், பக்கத்தில் வட்டம் போட்டுக் காட்டிய செங்கல் நிறத் தீற்றல்.

சுடலைமுத்து அண்ணாச்சி போன் செய்தார். பெண்ணின் அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிற பையன் என்பது ஒரு காரணம். பறவை அறிவு போதாது என்பது இன்னொன்று. அம்மா ஒன்றும் கேட்காமல் தோசை வார்த்துப் போட்டாள். அவள் கேட்டிருக்கலாம்.

நவம்பர் 18, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

எதிர்வீட்டு ஜெயராணி அக்காவிடம், உங்கள் நாய் இரண்டு நாளாகச் சோர்ந்திருக்கிறதே என்றேன். அப்படியா என்றாள். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அரைநாள் விடுப்பு எடுத்து, ராக்கியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆவுடை வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன்.

எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு கோழி. ராக்கி ஆட்டைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு, ஊரிலேயே ஆரோக்கியமான நாயாக நின்றது.

எங்கள் முறை வந்தது. ஆவுடை என்னைப் பார்த்தாள். பிறகு நாயின் கண்ணை விரித்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். ஒன்றையும் விடவில்லை.

"என்ன செய்யுது இதுக்கு?"

"ஒண்ணும் செய்யல. நல்லாத்தான் இருக்கு. நான் உங்களைப் பாக்க வந்தேன். நாய்கூட என்னுது இல்லை."

அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். பின்னால் எருமையோடு நின்ற பெரியவரை ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னாள். வட்டத்திலிருந்து அவளை நீக்கிவிட்டார்களாம். வட்டத்தின் பறவை வருகைப் பட்டியலில் ஊசிவால் வாத்துக்கு நேரே, விரட்டப்பட்டன என்று எழுதினாளாம். அதை அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றிருக்கிறாள். உங்கள் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அப்பாவா? நேத்து அந்த வாத்துக்கு ஒரு குஞ்சும் இருந்துச்சுன்னு மாமாகிட்ட சொல்லிட்டிருந்தாங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் சிரிக்கவில்லை. "மனசார நம்புதாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

என்னால்தான் என்றேன். ஆமாம் என்றாள். ஆறுதலுக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை.

ராக்கியின் காதைத் தடவினாள். பிறகு, "சனிக்கிழமை வேற ஒரு குளத்துக்குப் போறேன். கூட வர ஆளில்லை. உங்ககிட்ட கார் இருக்குன்னு போட்டிருந்துச்சே?" என்றாள்.

"அது அத்தான் கார். எனக்கு ஓட்டத் தெரியாது."

"வேற என்னெல்லாம் பொய்?"

உயரத்தில் ஒரு அங்குலம், சமையல் தெரியும் என்பது, காக்கா என்றால் உயிர் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். எருமைக்காரப் பெரியவரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சரி, பஸ்ல போவோம். அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

வந்தது வந்துவிட்டது என்று ராக்கிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ராக்கி என் பக்கம் உட்காரவில்லை.

நவம்பர் 22, சனி

சின்னக் குளம். பெயர்ப் பலகைகூட இல்லை. தாழைக்கோழி இரண்டு, எருமை ஒன்று, மழை. அவள் நிறையப் பெயர் சொன்னாள், பாதி மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்று அவளிடமும் சொன்னேன். திரும்பச் சொன்னாள். பனைமரத்தடியில் ஒரு குடைக்குள் நின்று எலுமிச்சைச் சோறு தின்றோம். சோற்றில் மழைத்தண்ணீர் விழுந்தது. பரவாயில்லை.

மழை விட்டதும் தலைக்கு மேலே, ரொம்ப உயரத்தில், ஒரு கூட்டம் போனது. புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது.

"அன்னைக்குப் போனதுதானா?" என்று கேட்டேன்.

அவள் நெற்றியில் கைவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியல" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. மறையும்வரை இரண்டு பேரும் அண்ணாந்து நின்றோம்.